உவர்மலை நாட்டார் ஆடல் வகுப்பு: வட்டத்துக்கு முழு மார்க், மேடைக்குப் பாதி

திருகோணமலையில் பிள்ளையைப் பரதநாட்டியத்துக்கு விட வேண்டுமென்றால் ஒழுங்கைக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. கும்மி, கோலாட்டம், கரகம், வடமோடிக் கூத்தின் ஆட்டம் என்று நம்முடைய நாட்டார் ஆடல்களை அடியிலிருந்து சொல்லிக் கொடுக்கிற இடம் என்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும். உவர்மலையில் பின்னேரங்களில் நடக்கிற இந்த வகுப்பு அப்படி நான் தேடிப் பிடித்தது. மகள் சின்னவர்களின் வகுப்பில் ஆடுகிறாள், பெரியவர்களின் வகுப்பில் நான். எப்படி இருக்கிறது, விடலாமா, காசுக்குப் பெறுமதியா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் போட்டுக் களைத்துப் போனதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். உவர்மலையில் இறங்கி மத்தளச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

முதலில் காசுக் கதை. பதிவுக்கு 1,000 ரூபாய். குழு வகுப்பு மாதம் 1,500. கோலாட்டக் கம்பு அவர்களே தருகிறார்கள், உடைத்தால் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். தனி வகுப்பு என்று இன்னொன்று இருக்கிறது, அது மணித்தியாலத்துக்கு 2,000. ஆம், மாதத்துக்கு இல்லை, மணித்தியாலத்துக்கு. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். இடம் ஒரு பழைய வீட்டின் பின்பக்க மண்டபம், மேலே தகரம், கீழே சீமெந்து. ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது உள்ளே நின்றால் அவித்து எடுக்கும், இருக்கிற மின்விசிறிகளில் ஒன்று சத்தம் மட்டும்தான் போடும். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம் கொண்டு போங்கள். கழிப்பறை சுத்தம், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

டீச்சர் பரதம் முறையாகப் படித்து, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளெல்லாம் எழுதி முடித்தவர், பிறகு மட்டக்களப்புப் பக்கம் போய்க் கூத்தும் பழகியிருக்கிறார். மத்தளத்துக்கு மூதூர்ப் பக்கத்திலிருந்து, கூத்தைப் பழக்கி நடத்துகிற ஓர் அண்ணாவியார் வருகிறார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன்னால் என்றால் பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கிற மிதவைப் படகுக்கு, காத்து நின்று ஏறி வந்து ஒரு பின்னேர வகுப்பை நடத்திவிட்டு இரவு வீடு போய்ச் சேர்வதெல்லாம் நடக்கிற காரியமா என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பரத வகுப்புக்காகப் போட்டது. குழு வகுப்பு நாளில் டீச்சர் முதலில் செய்கிற வேலை, கம்பியில் கொழுவியிருக்கிற ஒரு பழைய சீலையை இழுத்து அந்தக் கண்ணாடியை மூடுவது. ஏன் டீச்சர் என்று கேட்டால், "உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா பக்கத்தில நிக்கிறவவை எப்ப பாக்கிறது?" என்பார். இந்த ஒன்றுக்காகவே 1,500 கொடுக்கலாம் என்பேன் நான்.

கும்மியைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அலட்சியம் உண்டு, கை தட்டத் தெரிந்தால் போதும் என்று. வந்து பாருங்கள். பாட்டும் இல்லை, மத்தளமும் இல்லை, வட்டமாக நடக்கவிட்டு, குனிந்து உள்ளுக்கு ஒரு தட்டு, நிமிர்ந்து வெளியே ஒரு தட்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்ய விடுகிறார். மூன்று மூன்றாக ஓடுகிற நடை அது, நாலு நாலாக எண்ணிப் பழகிய கால் அங்கேதான் தடுக்கும். வங்கியில் வேலை செய்கிற அக்கா ஒருவர் முன்னால் போகிறவரின் குதியை மிதித்துக்கொண்டே இருந்தார். எல்லோருடைய கையும் ஒரே சத்தமாக விழ வேண்டும், சட்டியில் பொரி வெடிக்கிற மாதிரிக் கேட்கக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். அந்த ஒரே சத்தம் விழுகிற வரைக்கும் பாட்டுக்குப் போக மாட்டார். விழுந்தவுடன் ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும், அந்த அடியெடுக்கிற வேலையும் ஒருவரிடமே நிற்காது, சுற்றுக்குச் சுற்று அடுத்தவருக்குப் போகும். தனக்குக் குரல் இல்லை, பாட மாட்டேன் என்று பின்வாங்கிய தபால் கந்தோர் அக்காவையும் விடவில்லை. அவர் பாடியது சுதி சேரவில்லைதான், ஆனால் அதை இத்தனை பேர் ஒரே நேரத்தில் திருப்பிப் பாடும்போது சரியாகவே கேட்டது.

பின்னல் கோலாட்டம் இதைவிடக் கடினம், இதைவிட வடிவு. கூரை வளையில் ஒரு கொக்கி, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிறக் கயிறு. ஒன்றைவிட்டு ஒருவர் எதிர்த் திசையில் போக வேண்டும், வருகிறவருக்கு ஒருமுறை உள்ளால், அடுத்தவருக்கு வெளியால். சரியாகப் போனால் மேலேயிருந்து கீழே சடைபோல் பின்னல் இறங்கி வரும், பிறகு அதே அடியில் திரும்பிப் போனால் அவிழ்ந்துவிடும். ஒருவர் உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனால் அந்த இடத்தில் கயிறு தடித்து நிற்கும், அண்ணாந்து பார்த்தால் எந்த நிறம் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். "அக்கா, மஞ்சள் உங்கட" என்று ஒரு ஏ.எல். பிள்ளை மெல்லச் சொல்லும். உடனே யாரும் நின்று திட்டுவதில்லை, எல்லோரும் சேர்ந்து அந்த இடம் வரைக்கும் பின்னோக்கி ஆடித்தான் சிக்கை எடுக்க வேண்டும். தனியாக ஒருவர் போய் அவிழ்க்க முடியாது. இன்னொன்று, ஆட்கள் இரட்டை எண்ணில் இருக்க வேண்டும். ஒருவர் வரவில்லையென்றால் இன்னொருவர் சும்மா குந்தியிருக்க வேண்டும். அதனால் வர முடியாவிட்டால் நாலு மணிக்கு முதல் வட்ஸ்அப் குழுவில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு சட்டம். சிலருக்கு இது எரிச்சல். காசு கட்டியிருக்கிறேன், வருவதும் வராததும் என் விருப்பம் என்று ஒருவர் சண்டை பிடித்துக்கொண்டு நின்றே விட்டார். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும்.

கூட்டாக ஆடுகிற ஆட்டத்தில் தனி ஆள் கரைந்து போகிறார், தனியாக ஆடும்போதுதான் ஒருவர் ஒருவராக இருக்கிறார் என்று ஒரு கதை எங்கள் ஆட்களிடம் உண்டு. அந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கூத்தைப் பாருங்கள். வடமோடியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு இருக்கிறது, வெள்ளைச் சீலைக்குப் பின்னால் நின்று, சீலை விலகியதும் தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டு களரிக்குள், அதாவது கூத்தாடுகிற வட்ட வெளிக்குள், வருவது. அந்த நேரம் அவர்தான் ராசா. மத்தளமும் தாளமும், பின்னால் நின்று வாங்கிப் பாடுகிற பிற்பாட்டும் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அவர் ஆடி முடித்ததும் ஒதுங்கி அடுத்தவரின் வரவுக்குப் பிற்பாட்டுக்காரர் ஆகிவிடுவார். இந்த வகுப்பில் வடமோடி வரவுகளைப் பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், அண்ணாவியாரின் பகுதி அது. முன்னே ஆண்கள்தான் பெண் வேடமும் கட்டி ஆடினார்கள், இங்கே பெண்கள் வீமனாகவும் துரியோதனனாகவும் வரவு ஆடுகிறோம், அண்ணாவியார் கண்ணை இடுக்கிக்கொண்டு, "பிள்ளை, இன்னும் கொஞ்சம் நெஞ்சை நிமித்து, நீ ராசா" என்பார். மத்தளம் பழகுகிறவர்களில் ஒருவர் பள்ளிக்கூடப் பெண்பிள்ளை. இதெல்லாம் அவருடைய அப்பா காலத்தில் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே சொல்லித் தருகிறார்.

அவர் தேநீர் இடைவேளைகளில் சொல்கிற பழைய கதைகளுக்குத் தனியாகக் காசு வாங்கினாலும் கொடுப்பேன். ஓர் ஊர் கூத்துப் போடுவதென்று முடிவெடுத்தால் சட்டம் கொடுப்பதில் (அவரவர் பாட்டுப் பகுதியைக் கொடுப்பது) தொடங்கி, கிழமைக்குக் கிழமை பழகுகிற கிழமைக் கூத்து, சதங்கை அணி விழா, முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், அதற்குப் பிறகும் வீடு வீடாகப் போய் ஆடுவது என்று மாதக்கணக்கில் இழுக்குமாம். யாருக்கு எந்த வேடம் என்பதில் ஒரு சண்டை, யார் வீட்டில் தேநீர் என்பதில் ஒரு சண்டை, கடைசியில் எல்லோரும் அரங்கேற்றத்துக்கு நிற்பார்கள். களரி வட்டம், நாலு பக்கமும் சனம். முதுகைக் காட்டக் கூடாது என்ற பேச்சுக்கே இடமில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு முதுகுதான்.

இப்போது அப்படி ஓர் ஊருக்கு எங்கே போவது? நான் யோசித்துப் பார்த்த வரையில், இங்கே கூட்டாட்டம் குறைந்து தனியாட்டம் கூடியதற்கு இளசுகளின் போன் மட்டும் காரணமில்லை. 2006இல் போரால் மூதூர்ப் பக்கத்துச் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது, காணி திரும்பக் கிடைத்து அவர்கள் மீண்டும் குடியேறத் தொடங்க 2015 ஆனது. அதற்கு இடையில் ஒரு தலைமுறை முகாமிலேயே வளர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் சுனாமி. அதற்கும் முன்னால் எத்தனை ஓட்டம். பிறகு வளைகுடாவுக்கு ஆட்கள் போனது, கொழும்புக்குப் போனது, கனடா. ஒரு கூத்துக்கு அண்ணாவியார் வேண்டும், பாட்டு எழுதிய ஏடு வேண்டும், களரி போட வெளி வேண்டும், பிற்பாட்டுக்குப் பக்கத்து வீடு வேண்டும், மாதக்கணக்கில் இரவில் வந்து நிற்க நேரமுள்ள ஆம்பிளைகள் வேண்டும். கரகத்துக்கு ஒரு செம்பும் ஒரு தலையும் போதும். இடம்பெயர்ந்து ஓடுகிறபோது தனியாட்டம் ஆளோடு கூட வரும், கூட்டாட்டம் அந்த ஊரிலேயே நின்றுவிடும். அதனால்தான் இந்த வகுப்பை ஆட்டம் பழக்குகிற இடம் என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாத எங்களுக்கு மாதம் 1,500க்கு ஒரு சின்ன ஊரை வாடகைக்குத் தருகிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் தபால் கந்தோர் அக்காவின் தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவு நிற்க மாறி மாறிப் போனது இந்த வட்டத்துப் பெண்கள்தான்.

பழைய வட்டத்தைப் பற்றி அதிகம் உருகவும் வேண்டாம். வட்டத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அது வட்டம். எந்தச் சாதி எந்த வேடம் கட்டலாம், யார் களரியில் ஏறலாம், யார் மேளம் மட்டும் அடித்துவிட்டு எட்ட நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஊர்களில் எழுதாத சட்டமாக இருந்தது. சாமத்திய வீட்டுக் கும்மியில் கணவனை இழந்த பெண்கள் ஓரமாக நின்றதை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் நன்றாக அடியெடுத்துப் பாடுகிற ஒருவர் அப்படிப்பட்ட பெண், எந்தச் சடங்கு வீட்டிலும் தன்னைக் கும்மிக்கு யாரும் கூப்பிட்டதில்லை என்று சொன்னார். இங்கே காசு கட்டியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. காசும் ஒரு வேலிதான், அதையும் சொல்ல வேண்டும், ஆனால் மீன்பிடிக் குடும்பங்கள் வாழ்கிற திருக்கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலரிடம் டீச்சர் காசு வாங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும், அதை அவர் வெளியே சொல்வதும் இல்லை.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து ஒரு நானாவைக் கூப்பிட்டிருந்தார்கள், களிகம்பு காட்ட. கிழக்கு முஸ்லிம் ஊர்களில் பொல்லடி என்றும் சொல்வார்கள், வட்டமாக நின்று கம்பால் மாறி மாறி இரு பக்கத்து ஆட்களின் கம்பையும் தட்டிக்கொண்டு ஆடுவது, அவர்களிலும் பாடி நடத்துகிறவரை அண்ணாவியார் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் அண்ணாவியாரும் அவரும் உட்கார்ந்து, இந்த அடி எங்களிடமும் இருக்கிறது, அந்தத் தட்டு உங்களிடம் எப்படி விழும் என்று கதைத்ததைக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள், "நானா, இன்னும் ஸ்பீடா!" என்று கத்தக் கத்த அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார், கடைசியில் கம்புச் சத்தம் ஒரே கோடாக இழுபட்டது. ஒரு பின்னேரத்தோடு முடிந்துவிட்டது அது. ஏன் அதை மாதம் ஒருமுறை வைக்கக் கூடாது என்று கேட்டேன், பார்ப்போம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனித் தனி வகுப்பு. சீலையை விலக்கிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பிள்ளையும் டீச்சரும். பெரும்பாலும் கரகம், சில பிள்ளைகளுக்குக் காவடி. சொல்லிக் கொடுக்கிற முறையில் குறை இல்லை: முதலில் தலையில் கொப்பி வைத்து நடக்கவிடுவார், பிறகு வெறும் செம்பு, பிறகு அரிசி போட்ட செம்பு, கழுத்தை இறுக்காமல் முழங்காலால் சமன் பிடிக்கப் பழக்குவார். பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் என்ன நடக்கிறதென்றால், பாட்டு ஸ்பீக்கரில், நேரம் மூன்று நிமிடம், போட்டிக்கோ ரீல்ஸுக்கோ அளவெடுத்து வெட்டியது. அம்மா வெளியே கதிரையில் போன் பார்த்துக்கொண்டிருப்பார். மத்தளக்காரர் அன்றைக்கு வருவதே இல்லை. 2,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் வைத்து ஆடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தனியாட்டம் என்றால் தாழ்வு என்று நான் சொல்ல வரவில்லை. சிலப்பதிகாரத்திலேயே இரண்டும் இருக்கிறது. அளந்து கட்டிய அரங்கில் சோழன் முன்னால் மாதவி தனியாக ஆடி ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மாலையும் தலைக்கோல் பட்டமும் வாங்குகிறாள். மதுரையில் ஆய்ச்சியர், பால் உறையவில்லை, ஏதோ கெட்டது வரப் போகிறது என்ற பயத்தில், ஏழு பெண்களுக்கு ஏழு சுரத்தின் பெயர் வைத்துக் கைகோத்து நிறுத்திக் குரவை ஆடுகிறார்கள். மாதவியைப் பார்க்க அரசன் இருக்கிறான். குரவையைப் பார்க்க வெளியாள் தேவையே இல்லை, ஆடுகிறவர்களுக்கே அது தேவைப்பட்டது. எங்கள் ஊரிலும் நவராத்திரி முடிகிற இரவில் கும்பம் வெளிவரும்போது பாருங்கள், தலையில் சுமந்து ஆடுகிறவர் ஒருவர்தான், அவரைத் தாங்கிக்கொண்டு மேளத்தோடு ஒரு தெருவே நடக்கும். கும்பத்துக்குத் தெரு இருக்கிறது. தனி வகுப்பில் கரகம் பழகுகிற பிள்ளைக்குக் கண்ணாடி மட்டும்தான் இருக்கிறது, அதுதான் என்னுடைய முறைப்பாடு.

பெரிய முறைப்பாடு ஆண்டு விழா. வருடக் கடைசியில் டவுனில் ஒரு மண்டபம் எடுத்து நிகழ்ச்சி வைக்கிறார்கள். உடை வாடகை, ஒப்பனை, வீடியோ என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பில் வரும், முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசு போகட்டும். மாதக்கணக்காக வட்டமாக ஆடிய கும்மியை, மேடைக்கு என்று வந்ததும் உடைத்துச் சபையைப் பார்த்த இரண்டு வரிசையாக்கிவிட்டார்கள். வரிசை என்று வந்தவுடன் முன் வரிசை என்று ஒன்று வந்துவிட்டது. முன் வரிசை வந்ததும் அதில் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. பதில் என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம், தனி வகுப்புக்குப் போகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும். என் மகள் பின்னால் வலது மூலை. அவளுக்கு அதில் கவலையில்லை, ஆனால் ஒத்திகையில் அதுவரை பக்கத்தில் நின்றவளின் கையைப் பார்த்துத் தட்டிய பிள்ளைகள் அதற்குப் பிறகு நேரே பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள், கைச் சத்தம் சிதறிப் போனது. டீச்சர் அத்தனை மாதம் பாடுபட்டு எடுத்த அந்த ஒரே சத்தம் அன்றைக்குக் கேட்கவே இல்லை, ஸ்பீக்கரில் பாட்டு ஓடியதால் அது யாருக்கும் தெரியவும் இல்லை. தாய்மார்கள் நாங்கள் போனை உயர்த்தி அவரவர் பிள்ளையை மட்டும் சூம் பண்ணிக்கொண்டிருந்தோம். பின்னல் கோலாட்டம் நிகழ்ச்சியிலேயே இல்லை. அதை வரிசையாக்க முடியாது, மண்டபத்தில் கொக்கி போடவும் விடவில்லையாம்.

இதை டீச்சரிடம் கேட்டேன். பெற்றோர் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும் என்று நிற்கிறார்கள், வட்டமாக ஆடினால் முதுகுதான் தெரிகிறது என்று முறையிடுகிறார்கள், நான் என்ன செய்ய என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இது இன்றைக்கு வந்த பிரச்சினையும் இல்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி, நாலு பக்கமும் திறந்த களரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் சபை இருக்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் படித்த ஆட்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தே இருக்க மாட்டார்கள், பல்கலைக்கழகப் பெண்கள் ஆடியே இருக்க மாட்டார்கள். ஆனால் அதோடு ஆட்டத்துக்கு ஒரு முன்பக்கம் வந்துவிட்டது. பிறகு மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் போன்றவர்கள் கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கி, மாற்ற வேண்டியதை அந்தந்த ஊர்ச் சனத்தோடு சேர்ந்து அவர்களுடைய களரியிலேயே மாற்றுவோம் என்று வேலை செய்தார்கள், பெண் பாத்திரங்களை எப்படிக் காட்டுகிறோம், சாதியை எப்படிப் பாடுகிறோம் என்பதையெல்லாம் ஆடுகிறவர்களோடு உட்கார்ந்து கேள்வி கேட்டு. இரண்டாவது வழி நேரம் எடுக்கும், வீடியோவில் வடிவாக விழாது. ஆனாலும் வட்டத்தை வட்டமாகவே வைத்துக்கொண்டு பழசை மாற்ற முடியும் என்பதற்கு அது இருக்கிறது.

டீச்சருக்கு நான் சொன்னது இதுதான், இங்கேயும் எழுதி வைக்கிறேன், வாசித்தால் வாசிக்கட்டும்: மண்டபத்தை விடுங்கள், டச்பே கடற்கரை மணலிலோ ஒரு கோயில் வீதியிலோ வைத்து, எங்களைச் சுற்றி வர நிற்க விடுங்கள். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளை வருகிற பக்கம் நின்று பார்த்துக்கொள்வாள், வட்டம் சுற்றத்தான் போகிறது, எல்லாப் பிள்ளையும் எல்லாருக்கும் முன்னால் ஒருமுறை வரும். கொக்கிக்கு ஒரு கம்பம் நட்டால் பின்னலும் ஆடலாம். மண்டப வாடகையும் மிச்சம். மழையைத்தான் சாட்டுச் சொன்னார், கார்த்திகை மார்கழியில் இங்கே பெய்கிற பெயலுக்கு அது உண்மையான சாட்டுத்தான், ஆனால் விழாவைச் சித்திரைக்குத் தள்ளினால் என்ன?

கலியாண வீடுகளைப் பார்த்தால் டீச்சரைக் குறை சொல்லவும் மனம் வராது. எங்கள் ஊரிலும் மட்டக்களப்பிலும் இருக்கிற போர்த்துக்கீசப் பறங்கியர் கலியாணங்களில் கபிரிஞ்ஞா ஆடுவார்கள், சோடி சோடியாக நின்று, ஆளுக்கு ஆள் இடம் மாறி. அந்தத் தாளத்தின் வழியில் வந்த பைலாவை 1940களில் வொலி பஸ்தியான் மேடைப் பாட்டாக ஆக்கி நாடு முழுக்கப் பரப்பினார், இப்போது எந்தச் சாதி சமயத்துக் கலியாணத்திலும் டீஜே பைலா போட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பி ஆளாளுக்குத் தனித்தனியாக ஆடுகிறோம். நெரிசலாக, சந்தோஷமாக, ஒருவருக்கும் ஒருவர் அடி தெரியத் தேவையில்லாமல். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். கடைசியாகப் போன கலியாணத்தில் அப்படி ஆடிக்கொண்டிருந்தபோது எங்கள் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அதே பைலாவுக்குக் கும்மியடிக்கத் தொடங்கினோம். தாளம் இரண்டிலும் மூன்று மூன்றாகத்தானே ஓடுகிறது, அப்படியே பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாச்சி கதிரையை விட்டு எழும்பி வந்து வட்டத்துக்குள் புகுந்ததும் டீஜே பெடியன் பாட்டை மாற்றவே இல்லை.

சேர யோசிக்கிறவர்களுக்குச் சில விஷயம். செவ்வாயும் வியாழனும் அண்ணாவியார் வருகிற நாட்கள், அந்த நாட்களில் சேருங்கள், சனிக்கிழமை வகுப்பு ஸ்பீக்கரோடுதான் நடக்கிறது, அதோடு கூட்டமும் அதிகம். பிள்ளைக்கு எட்டு வயதுக்குக் கீழே என்றால் கும்மி மட்டும்தான், கம்பு கொடுக்க மாட்டார்கள், அது சரிதான். ஆம்பிளைப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள், இப்போது கொஞ்சப் பேர்தான், பெரிய ஆண்களுக்கு வகுப்பு இல்லை, அண்ணாவியார் இருக்கும்போது இல்லாதது எனக்குப் புரியவில்லை. தனி வகுப்பில் சேர்த்தால் பிள்ளை சீக்கிரம் முன்னேறும் என்று யாராவது காதில் போட்டால் குழு வகுப்பில் ஆறு மாதம் விட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சீமெந்துத் தரை, முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் முதலிலேயே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், குனியாத கும்மி ஒன்றும் வைத்திருக்கிறார். முடியும்போது இருட்டிவிடும், மெயின் ரோட்டுக்கு இறங்குகிற ஒழுங்கையில் லைட் இல்லை, நாங்கள் சேர்ந்துதான் நடந்து வருகிறோம், நீங்களும் எங்களோடு வரலாம்.